லாரிச் சக்கரத்தின் மூச்சு

வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடித்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதல் இருபது தரம் பம்பு தானாகவே இறங்குவது போலிருக்கும். கடைசி நாலைந்து தரத்துக்கோ உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போடவேண்டும். லாரிச் சக்கரத்தின் கஷ்டம் முழுவதும் அந்தக் கடைசி நாலைந்து அடியில்தான் இருக்கிறது.

மோட்டார் காரின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தலுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் போதும். சரக்கு லாரிக்கு 100 ராத்தலுக்கு மேல், சில சமயம் 120 கூட வேண்டியிருக்கிறது. பாரத்தைச் சுமப்பது ரப்பர் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்றுத்தான். அது குறைந்தால் டயரின் பக்கங்கள் சுற்றுக்குச் சுற்று மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடித்துவிடும்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்துச் சாலையில் ஒரு சிறிய பஞ்சர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள இயந்திரத்தின் தொட்டியில் 100 ராத்தலுக்கு மேல் ஏறாது. டிரைவர் கேட்பது 110. இரவு முழுவதும் இயந்திரம் ஓடினாலும் பயனில்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே பாயும்? தொட்டியிலும் டயரிலும் அழுத்தம் சமமானதும் காற்று நின்றுவிடும். பெரிய தொட்டி வைத்தால் வேலை சீக்கிரம் நடக்குமே தவிர, அழுத்தம் ஒரு ராத்தல்கூட ஏறாது.

ஆகையால் பெரிய கடைகளில் இரண்டு கட்டமாக அமுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய உருளை காற்றை ஓரளவு அமுக்கி அனுப்பும். அது வழியில் குழாயிலே சூடு தணிந்து, சிறிய உருளைக்குள் புகுந்து மறுபடியும் அமுங்கும். 170 ராத்தல் வரையில் கூட ஏறும். (சைக்கிள் பம்பு ஒல்லியாயிருப்பதன் ரகசியமும் இதுவே. பருத்த பம்பானால் கடைசி அடிகளுக்கு நம் கைப்பலம் போதாது.) பிரேக்குக்காக லாரியிலேயே இருக்கும் காற்றுத் தொட்டியிலிருந்து அவசரத்துக்குக் குழாய் இழுத்துக்கொள்வதும் உண்டு, அதற்குப் பொறுமை நிறைய வேண்டும்.

அழுத்தம் கிடைத்ததும் ஆபத்தும் கூடவே வருகிறது. பல லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். அது சரியாகப் பொருந்தாவிட்டால், காற்று ஏறும்போது பீரங்கிக் குண்டைப் போல் தெறிக்கும். இதனால் உயிர் போனவர்கள் பல தேசங்களிலும் உண்டு. சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயை மாட்டி, ஒதுங்கி நின்றல்லவா அடிக்கவேண்டும்? வளையத்தின்மேல் காலை ஊன்றிக்கொண்டு காற்றடிக்கும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இருக்கவேண்டிய அழுத்தத்தில் 100-க்கு 80 பங்கும் இல்லாமல் ஓடிவந்த டயரானால், கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் அடிக்கவே கூடாது. உள்ளே நைந்துபோன இழை வெளியே தெரியாது.