இரண்டு கண்ணாடிகள் அளந்த நட்சத்திரம்

ஒளி ஓர் அலை. லென்ஸின் விளிம்பில் அது வளைந்து பரவுவதால், மிக அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்குக் காற்றின் கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. மாசி மாத முன்னிரவில் திருவந்திபுரத்தில் நின்று தெற்கே பார்த்தால் பளிச்செனத் தெரியும் சிரியஸ், சாதாரணத் தொலைநோக்கியிலும் வட்டமாகத் தெரியாமல் வெறும் புள்ளியாகவே தெரிவது இதனால்தான்.

இந்தத் தடையைத் தாண்ட வழி கண்டவர் நீலகிரி அருவங்காட்டில் 1916-இல் பிறந்த ராபர்ட் ஹான்பரி பிரவுன். அவருடைய தந்தை அங்குள்ள வெடிமருந்து ஆலையில் அதிகாரி. ஹான்பரி பிரவுனும் கணித வல்லுநர் ரிச்சர்ட் ட்விஸ்ஸும், ராணுவம் கழித்துப்போட்ட இரண்டு தேடுவிளக்குக் கண்ணாடிகளை இங்கிலாந்தில் சிரியஸை நோக்கித் திருப்பினார்கள். இரண்டிலும் விழும் ஒளியின் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட ஒற்றுமை குறைந்தது. அது குறைந்த வேகத்திலிருந்து 1956-இல் சிரியஸின் கோண அகலத்தைக் கணக்கிட்டார்கள்: 0.0063 விகலை. இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை 800 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பதற்குச் சமம்.

இந்த ஒற்றுமை எப்படி வருகிறது? நட்சத்திரத்தின் அ, ஆ என்ற இரண்டு புள்ளிகளிலிருந்து இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், வருகின்றன. அ-விலிருந்து வந்தது முதல் கருவியிலும் ஆ-விலிருந்து வந்தது இரண்டாவதிலும் விழலாம், மாறியும் விழலாம். எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. கருவிகள் அருகருகே இருக்கும்போது ஃபோட்டான்கள் ஜோடியாக விழுவது கூடுகிறது. பல இயற்பியலாளர்கள் இதை அப்போது நம்ப மறுத்தார்கள். இதற்கான முழுக் குவாண்டம் கோட்பாடு 1963-இல் ராய் கிளாபரால் வந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சனும் அதே ஆண்டில் அதற்கு அடித்தளமிட்டார். 2005-இல் கிளாபருக்குக் கிடைத்த நோபல் பரிசில் சுதர்சன் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

ஹான்பரி பிரவுனின் முறையில் காற்றின் கலக்கம் அளவீட்டைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் ஒளி ஏராளமாக வேண்டும். பிரகாசமான நட்சத்திரங்களே பிடிபடும். ஆஸ்திரேலியாவின் நாராப்ரியில் 188 மீட்டர் வட்டத் தண்டவாளத்தில் ஓடிய இரண்டு பெரிய கண்ணாடிகள் 32 நட்சத்திரங்களை அளந்தன. சித்திரை நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம். அதன் சுற்றுப்பாதையும் அங்கே அளக்கப்பட்டது.

நுண்ணோக்கியில், ஃபோட்டான்கள் ஜோடியாக விழுவதற்கு நேர்மாறான குணம் உதவுகிறது. ஒளிரும் ஒற்றை மூலக்கூறு ஒரு சமயத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் வெளியிடும். அந்த ஜோடிக் குறைவை எண்ணி, இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனத்தார் ஒளி வளைந்து பரவுவதால் வரும் வழக்கமான எல்லையைவிடக் கூர்மையான படங்களை எடுத்திருக்கிறார்கள். வானியலிலும் ஹான்பரி பிரவுனின் முறை திரும்பி வந்திருக்கிறது: 2019 டிசம்பரில் அரிசோனாவின் வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் நான்கு, ஓரியன் இடைவாரின் நடு நட்சத்திரத்தை இதே வழியில் அளந்தன.