கூலியுடன் கூடிய ஓய்வு: எல்லைத் தோட்டங்களில் ஒரு கணக்கு

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறிச் செல்வதைத் தேனி மாவட்டத்தார் நன்கறிவர். இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரே அவற்றில் பயணிக்கின்றனர். பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்தில் வேலை நேரத்திற்கு வரம்பு உண்டு. மலையேறும் நேரமும் இறங்கும் நேரமும் அந்த வரம்பிற்குள் வருவதில்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணினால்தான் ஒரு நாளின் உண்மையான நீளம் தெரியும். வேலை ஒன்றை ஏற்குமுன் எண்ண வேண்டியது அந்த நீளத்தையே.

தோட்டத் தொழிலாளர்க்கென 1951ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்னர்த் திருத்தப்பட்டவாறு, வாரத்திற்கு 48 மணி நேரமே அதன்படி வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை வாங்குமுன் அரை மணி நேரம் இடைவேளை தர வேண்டும். ஆயினும் தேயிலைத் தோட்டத்தில் கடிகாரத்தைக் காட்டிலும் தராசே நாளை அளக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு நடத்திய போராட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனையடுத்து ஏற்பட்ட உடன்பாட்டில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அத்துடன், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. கூலி ஏறியபோது கூடையும் கனத்தது.

நாட்கூலி பெறுவோர்க்கு ஓய்வு நாள் என்பது பெரும்பாலும் கூலி இல்லாத நாள். ஆகவே, காய்ச்சல் கண்டாலும் வேலைக்குச் செல்வதே வழக்கமாகிவிடுகிறது. இந்நிலையை மாற்றுவது ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்பது பழைய சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அதே கணக்கு தொடர்கிறது. ஓராண்டில் 180 நாள்கள் வேலை செய்திருந்தால் இவ்வுரிமை உண்டு. தொழிற்சாலைகளில் முன்பு 240 நாள்கள் தேவைப்பட்டன.

ஓராண்டில் 260 நாள்கள் வேலை செய்தவருக்கு 13 நாள்கள் விடுப்பு சேரும். நாட்கூலி 500 ரூபாய் எனக் கொண்டால் அதன் மதிப்பு 6,500 ரூபாய். பள்ளி திறக்கும் மாதத்தில் இத்தொகை சிறிதன்று. எடுக்காத விடுப்பை அடுத்த ஆண்டிற்கு 30 நாள்கள் வரை கொண்டு செல்லலாம். ஆண்டிறுதியில் கேட்டு, பணமாகவும் பெறலாம்.

கேட்டுப் பெற வேண்டுமெனில் பதிவு இருக்க வேண்டும். இடர்ப்பாடு இங்கேதான். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம் என்று ஜீப் செல்லும் இடத்திற்கெல்லாம் செல்பவரின் நாள்கள் எந்த மஸ்டரிலும் முழுமையாகச் சேர்வதில்லை. ஆண்டு முழுவதும் உழைத்தும் 180 நாள்களை அவரால் காட்ட இயலாது போகலாம். நாட்கூலி பத்திருபது ரூபாய் குறைந்தாலும், பெயர் நிலையாகப் பதிவாகும் தோட்டமே ஆண்டுக் கணக்கில் ஆதாயமாக அமையக்கூடும் என்பது எமது கருத்து.

பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு கடந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குச் செல்வோர்க்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஷிப்ட் மாறி வரினும், வார விடுமுறை எந்த நாளில், மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் எந்தத் தேதியில் என்பன முன்னரே தெரிந்திருத்தல் நலம். கேரளத்துக் கடைகளில் பணிபுரிவோர்க்கு வேலை நேரத்தில் அமரும் உரிமையே 2018ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. வங்கி ஊழியர்க்கும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பர் முதலே கிடைத்தது. மூணாறில் பெண்கள் சாலையில் அமர்ந்திருந்த அதே மாதம்.

கூலி வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுமாயின் பாஸ்புக்கே ஒரு சான்றாகும். டிசம்பர் முடிவதற்குள் அதிலுள்ள வரவுகளை மஸ்டர் நாள்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் விடுபட்டிருந்தால், கணக்கு முடிக்குமுன் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.