மவுஸுக்கு மட்டும் ஒரு அனுமதி

நம்ம கம்ப்யூட்டர் லேப்பில் பட்டன் உடைந்த யூ.எஸ்.பி. மவுஸ் ஒன்று சும்மா கிடந்தது. அதை இசைக் கருவியாக மாற்றலாமே என்று எனக்கு ஒரு ஆசை. அதற்கு எடுத்துக்கொண்டது 'பியூர் டேட்டா' என்ற இலவச மென்பொருள். மில்லர் பக்கெட் என்பவர் 1990-களில் உருவாக்கியது. இதில் வரி வரியாக புரோகிராம் அடிக்க வேண்டாம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும்.

மவுஸ் சொல்வதைக் கேட்பதற்கு 'எச்.ஐ.டி.' என்று ஒரு பெட்டி. அது கூடவே வராது, தனியாகச் சேர்க்கணும். சேர்த்து, கோடு இழுத்து, மவுஸை ஆட்டினேன். ஊஹும்! ஒரு எண்கூட வரலை. ஆனால் திரையில் அம்புக்குறி மட்டும் ஜோராக ஓடுது. மவுஸ் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?

காரணம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் மவுஸ், கீபோர்டு, ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றும் ஒரு ஃபைல் மாதிரி. 'டெவ்' ஃபோல்டருக்குள் 'இன்புட்' ஃபோல்டரில் ஈவென்ட்0, ஈவென்ட்1 என்று வரிசையாக இருக்கும். அம்புக்குறியை நகர்த்தும் புரோகிராமுக்கு அவற்றைப் படிக்க உரிமை உண்டு. என் பெயரில் ஓடும் பியூர் டேட்டாவுக்கு இல்லை.

"ரூட்டாக ஓட்டுடா, எல்லாம் திறக்கும்" என்றான் நண்பன். 'இன்புட்' குழுவில் என் பெயரைச் சேர்ப்பது இன்னொரு வழி. சாரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரூட்டாக நுழைந்து, கீபோர்டின் ஈவென்ட் ஃபைலை ஒரு விண்டோவில் திறந்து வைத்தார். இன்னொரு விண்டோவில் என் பெயரை அடிக்கச் சொன்னார். நான் தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தும் அங்கே வந்து விழுந்தது! "இப்போ உன் பாஸ்வேர்டை அடி பார்ப்போம்" என்றார். நான் கையை எடுத்துட்டேன். திரையில் வெறும் புள்ளிதான் தெரியும், ஆனால் அந்த ஃபைலில் எல்லாமே தெரியும். நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் இடத்தில் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

அப்போ மவுஸுக்கு மட்டும் எப்படித் திறப்பது? யூ.எஸ்.பி. கருவிகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தயாரிப்பாளரைக் குறிக்கும், மற்றது பொருளைக் குறிக்கும். 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' என்று அடித்தால் இரண்டும் தெரியும். "இந்த எண்கள் உள்ள கருவி வந்தால் அனுமதி கொடு" என்று 'யூடெவ்' விதியாக ஒரு வரி எழுதி வைக்கணும். சார்தான் எழுதிக் கொடுத்தார். ஈவென்ட்5 என்று எழுதினால் ஆகாது. இன்று 5 ஆக இருப்பது நாளை 7 ஆகலாம். மவுஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன், எண்கள் கொட்டின.

சத்தம் மட்டும் சரியில்லை. மவுஸை நகர்த்தினால் 'கீங்' என்று ஒரு துள்ளல், அவ்வளவுதான். மவுஸ் தான் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை, "மூன்று படி வலது" என்று நகர்ந்த அளவை மட்டும்தான் சொல்லும். அதனால் வருகிற எண்களைக் கூட்டிக்கொண்டே போக ஒரு பெட்டி வைத்தேன். கூட்டுத்தொகை 69 ஆனால் 440 ஹெர்ட்ஸ். 12 கூடினால் இரு மடங்கு, 880.

இப்போ பாடுது. ஆனால் பாடும்போது அம்புக்குறியும் கூடவே ஓடி எங்கேயாவது போய் நிற்குது. அதை நிறுத்துவதுதான் அடுத்த வேலை.