சிகிச்சைக்குப் பின் வரும் கால் வீக்கம்

புற்றுநோய் கண்டவர் பிழைப்பது அரிது என்ற எண்ணம் நம் ஊர்களில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1954-ம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றிய காலத்தில், நோயாளியின் உயிரைக் காப்பதே பெரும் பாடாக இருந்தது. இன்று நிலைமை வேறு. பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்று முதலியவை ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டால், ரண சிகிச்சையாலும் கதிர் சிகிச்சையாலும் குணமாகின்றன. நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் அவ்வாறு சிகிச்சை முடித்து வீடு திரும்பி, தார் சுற்றவும் களையெடுக்கவும் மறுபடி வந்துவிட்ட பெண்மணிகள் உண்டு. நோய் தீர்ந்தது, ஆயினும் அவர்களில் சிலருக்குச் சில மாதங்கள் கழித்தோ சில ஆண்டுகள் கழித்தோ ஒரு கால் வீங்கத் தொடங்குகிறது. அதைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறோம்.

இவ்வீக்கம் எப்படி உண்டாகிறது என்பதை விவசாயம் செய்கிறவர்களுக்கு விளக்குவது எளிது. வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் ஒன்றிருந்தால், மிஞ்சிய நீர் வெளியேற வடிகால் ஒன்றும் இருக்க வேண்டும். உடம்பிலும் அப்படியே. இரத்தக் குழாய்களிலிருந்து ஒரு நீர் கசிந்து தசைகளையும் தோலையும் ஊட்டுகிறது. அதில் மிஞ்சியதைத் திரட்டிக்கொண்டு போக மெல்லிய வடிகால் குழாய்கள் உடம்பெங்கும் பரவியுள்ளன. அவற்றில் ஓடுவது நிணநீர். காலிலிருந்து புறப்படும் நிணநீர் தொடையிடுக்கு வழியாக அடிவயிற்றினுள் ஏறி, மார்பைக் கடந்து, கழுத்தின் இடப்புறத்திலுள்ள இரத்தக் குழாயில் போய்ச் சேருகிறது. வழியிலே அங்கங்கே வடிகட்டிகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறிகள்தாம் இந்த வடிகட்டிகள். இரத்தத்தைத் தள்ள இருதயம் இருப்பதுபோல நிணநீருக்குத் தனி இயந்திரம் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்கி விரிவதாலும், நடக்கும்போது தசைகள் அவற்றைப் பிழிவதாலுமே அது மேலேறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நாம் சொல்லப்போகும் முறைகள் யாவும் விளங்கும்.

புற்று பரவும் வழிகளில் இவ்வடிகாலும் ஒன்று. ஆகையால் கருப்பை, கருப்பைவாய், சூலகம் ஆகியவற்றின் புற்றுக்கு ரண சிகிச்சை செய்கையில் அடிவயிற்றிலுள்ள நெறிகளையும் எடுத்துவிட நேரிடுகிறது. ஆண்களில் ஆண்குறிப் புற்றுக்கும், இருபாலாரிலும் பாதத்தில் தோன்றும் கரும்புற்றுக்கும் தொடையிடுக்கு நெறிகளை எடுப்பதுண்டு. கதிர் சிகிச்சையோ, எஞ்சிய குழாய்களைத் தழும்பேறச் செய்து தூர்த்துவிடக்கூடும். உயிரைக் காக்கச் செய்த காரியம் அது. வைத்தியரின் பிழையென்று அதைக் கொள்ளலாகாது. மதகை அடைத்த பிறகு மழைக்காலத்தில் வயல் எப்படியோ, கால் அப்படி ஆகிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்க்கு முற்றிலும் மறைவதும் அரிது. ஆனால் அடக்கி வைக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோமோ அவ்வளவுக்குப் பலன் உண்டு.

முதலில் வீக்கமே தெரியாது. கால் கனக்கிறது, செருப்பு பிடிக்கிறது, மெட்டி இறுகுகிறது என்று மட்டும் தோன்றும். பிறகு மாலையில் வீங்கி, இரவு படுத்தெழுந்தால் வடிந்துவிடும். விரலால் அழுத்தினால் குழி விழும். இந்தக் கட்டத்தில் கவனியாமல் விட்டால் காலையிலும் வடியாத வீக்கமாகி, உள்ளே கொழுப்பும் நாரும் சேர்ந்து, தோல் தடித்துக் கெட்டியாகிவிடும். வீட்டிலேயே பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்புறத்துத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மற்றக் காலில் எழும்பும் தோல் இந்தக் காலில் எழும்பாவிட்டால் நிணநீர் வீக்கமென்று ஐயுறலாம். தோல் எழும்புகிறது என்பதனால் மட்டும் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. நெசவாளர் வீட்டில் அளவுநாடாவுக்குப் பஞ்சமில்லை. கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலுக்கு மேல் ஒரு சாண் என்று மூன்று இடங்களில், வாரம் ஒரு நாள் ஒரே வேளையில் இரு கால்களையும் அளந்து குறித்து வாருங்கள். வைத்தியரிடம் வாயால் சொல்லும் வர்ணனையைவிட இந்தக் கணக்கு பெரிதும் உதவும்.

இவ்வீக்கத்தோடு வரும் துன்பங்களில் பெரியது, ஊரார் அதை யானைக்கால் என்று கொள்வதே என்பது நம் அபிப்பிராயம். யானைக்காலும் நிணநீர் வடிகால் கெடுவதனால் வருவதுதான். ஆனால் அங்கே வடிகாலைக் கெடுப்பது கொசுக்கடியினால் உடம்பில் புகும் நுண்புழு. 1955-ம் ஆண்டிலேயே நம் தேசத்தில் அதற்கென்று கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் வீக்கத்தில் புழுவுமில்லை, ஒட்டுமில்லை. (யானைக்காலும் தொட்டால் ஒட்டிக்கொள்வதன்று.) ஆயினும் நாம் அறிந்த ஒரு நெசவுக் குடும்பத்தில், சிகிச்சை முடிந்த மூன்றாம் வருஷம் கால் வீங்கிய மருமகள், பிறர் கண்ணில் படாதிருக்கப் புடவையை இழுத்து மூடிக்கொண்டு, சங்கத்துக்கு நூல் வாங்க வருவதையே நிறுத்திவிட்டாள். பாயும் தட்டும் தனியே வைக்கப்பட்டன. ஒன்றரை வருஷம் இப்படிக் கழிந்து, குளிர்காய்ச்சலோடு கால் நெருப்பாய்ச் சிவந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குள் தோல் கெட்டியாகிவிட்டது. ஆரம்பத்திலேயே போயிருந்தால் அவ்வளவு தூரம் முற்றியிராது.

எல்லாக் கால் வீக்கமும் நிணநீர் வீக்கம் என்று நாமாக முடிவு கட்டிவிடவும் கூடாது. திடீரென்று ஒரு கால் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் இரத்தக் குழாயினுள் இரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோய் கண்டவர்க்கு இது நேரும் வாய்ப்பு அதிகம். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே அபாயம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. இரு கால்களும் வீங்கினால் இருதயம், சிறுநீரகம், ஈரல் இவற்றையும் சோதிக்க வேண்டும். பழைய புற்று திரும்பி வந்து வடிகாலை அழுத்துவதும் உண்டு. ஆகவே, புதிதாக வீக்கம் கண்டவர் சிகிச்சை பெற்ற இடத்திலேயே முதலில் காட்டுதல் நலம்.

இனிச் சிகிச்சை. முதற்கட்டத்தில் சில வாரங்கள், பயிற்சி பெற்ற இயன்முறை வைத்தியர் கையால் மெல்லத் தடவி, நிணநீரைக் கெடாத வடிகால்களின் பக்கம் திருப்பிவிடுகிறார். இது நம் ஊரில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிக்கும் முறையன்று. தோலைச் சற்றே நகர்த்தும் மெல்லிய தடவல். பின் கால் முழுவதும் பல அடுக்காகத் துணிக்கட்டுப் போடப்படும். இந்தத் துணியைப்பற்றி நம் அங்கத்தினர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரப்பர் கலந்த கட்டுத்துணி இழுத்தால் இரு மடங்குக்கு மேலும் நீளும். அது ஓய்வு வேளையிலும் காலை நெருக்கிக்கொண்டேயிருக்கும், நடக்கும்போதோ விரிந்து இடங்கொடுத்துவிடும். நிணநீர் வீக்கத்துக்கு விரும்பப்படுவது குறைவாக நீளும் பருத்திக் கட்டு. அதில் ரப்பர் இல்லை. முறுக்கு மிகுதியாக ஏற்றிய நூலால் நெய்வதனாலேயே அதற்கு நீளும் குணம் உண்டாகிறது. முறுக்கேறிய நூல் தளர விட்டால் சுருண்டுகொள்ளும் என்பது தார் சுற்றுகிற சிறு பிள்ளைக்கும் தெரியும். துணியின் சுருக்கமும் அதுவே. நடக்கையில் தசை பருக்கும்போது இக்கட்டு சுவர்போல் நின்று எதிர்க்கிறது. அழுத்தம் உள்ளே திரும்பி நிணநீரைப் பிழிந்து மேலேற்றுகிறது. உட்கார்ந்தால் நெருக்கம் தளர்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்வது பெருந்தொழிலாக வளர்ந்திருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நூலின் முறுக்கிலே இவ்வளவு வைத்தியம் அடங்கியிருப்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால் கட்டைத் தாமே போட்டுக்கொள்ளத் துணியலாகாது. பாதத்தில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்க வேண்டிய கட்டு, முறை மாறினால் கயிற்றால் கட்டியதுபோல் வீக்கத்தைக் கூட்டிவிடும். நீரிழிவு உள்ளவர்க்குப் பாதத்தின் இரத்தவோட்டத்தைச் சோதித்த பிறகே கட்ட வேண்டும். வீட்டார் ஒருவர் உடன் சென்று கட்டும் முறையைக் கற்று வருவது சிறந்தது. வீக்கம் குறைந்தபின், காலின் அளவுக்குத் தக்க இறுக்கக் காலுறையைக் காலையில் எழுந்ததும் அணிந்து இரவில் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலில் இது எளிதன்று. ஆயினும் கழற்றி வைத்தால் வீக்கம் திரும்பிவிடுகிறது.

வீட்டில் தினமும் செய்யத்தக்கது தோலின் பராமரிப்பு. சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைப் பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றி, தேங்காயெண்ணெயோ களிம்போ தடவுக. சேற்றுப்புண் இருந்தால் அதற்கு மருந்திட்டு ஆற்ற வேண்டும். கிருமி நுழையும் வாயில் அது. வெறுங்காலோடு நடத்தல் கூடாது. மெட்டியும் கொலுசும் இறுகினால் கழற்றிவிட வேண்டும். கணவன் இருக்க மெட்டியைக் கழற்றுவதா என்று மாமியார் தயங்குவது இயல்பே. விரல் பழுத்தபின் வெட்டி எடுப்பதைவிட இது மேல். பாவாடை நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதையும் விட்டு, அகலப் பட்டியாகத் தளர்த்திக் கட்டுக.

திடீரென்று கால் சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் அது கிருமித் தாக்குதல். அன்றே வைத்தியரிடம் போய்க் கிருமிக்கொல்லி மருந்து பெற வேண்டும். கட்டையும் தடவலையும் அப்போதைக்கு நிறுத்திக் காலை உயர்த்தி ஓய்வெடுக்கவும். ஒவ்வொரு தாக்குதலும் மிஞ்சியிருக்கும் வடிகாலையும் கெடுத்துச் செல்கிறது.

வேலை செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முன்பெல்லாம் வீங்கிய உறுப்பை அசைக்காதே என்றே சொல்லி வந்தார்கள். மார்புப் புற்றுக்குப்பின் கை வீங்கிய பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2009-ம் ஆண்டில் வெளியாயிற்று. சிறுகச் சிறுக எடையைக் கூட்டித் தூக்கிப் பழகியவர்க்கு வீக்கம் அதிகமாகவில்லை என்று அது காட்டியது. அது கையைப் பற்றியது. எனினும் அசைவு பகையன்று என்னும் கொள்கை காலுக்கும் பொருந்துமென்றே இன்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். கட்டோ காலுறையோ அணிந்துகொண்டு தறியின் மிதியை மிதிப்பது கெண்டைத் தசைக்கு நல்ல வேலையே. தீமை செய்வது, தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக எழாமலிருப்பது. நெய்த துணியைப் படைமரத்தில் சுற்றும் ஒவ்வொரு தடவையும் குழியைவிட்டு எழுந்து நாலடி நடந்து வருவதென்று வழக்கப்படுத்திக்கொள்ளலாம். தார் சுற்றுகிறவர் காலை ஒரு முக்காலிமேல் நீட்டிக்கொள்ளலாம். வயலில் நடவும் சேற்று வேலையும் இவர்களுக்கு ஆகா. தவிர்க்க முடியாவிட்டால் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி வேண்டும். கரும்புத் தோட்டத்தில் சோகை கிழித்த சிறு கீறலையும் உடனே கழுவி மருந்திட வேண்டும். இரவில் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துக. பாயில் படுப்பவர் மடித்த ஜமக்காளத்தின்மேல் காலை வைத்துக்கொள்ளலாம்.

நீர் போட்டிருக்கிறது என்று எண்ணித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பயனில்லை. சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் இவ்வீக்கத்துக்குத் தக்க மருந்தன்று. வேறு நோய்க்காக வைத்தியர் கொடுத்திருந்தால் அதை நிறுத்த வேண்டாம். உடம்பு பெருத்தவர் எடையைக் குறைத்தால் காலும் இளைக்கும். சூடு போடுதல், கீறி நீர் எடுத்தல், அட்டை விடுதல், கொதிக்கும் ஒத்தடம் ஆகியவை கேடு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலுறை சுமார் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடுவதால், ஆண்டுக்கு இரண்டு தடவை வாங்க வேண்டி வருகிறது. சங்கத்தின் உதவி நிதியிலிருந்து இதற்கு ஒரு தொகை ஒதுக்குவதை நிர்வாகக் குழுவினர் யோசிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். 2021-ம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை வைத்தியம் வீட்டுக்கே வந்து செய்வதும் சேர்க்கப்பட்டிருந்தது. நும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் குறித்து விசாரிக்கலாம். இரண்டு காலுறைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிந்தால் அவை நாள்பட உழைக்கும். சாயத் துணியைப் போலவே அவற்றையும் மென்மையான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் உலர்ந்த துண்டில் சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் காயவைக்க வேண்டும்.