முப்பது மாடிக்கு மேல ஒரு தொட்டில்: மெல்போர்ன் வல்லூறுகள், நம்ம ஊர் ராஜாளி

இன்னைக்கு எபிசோட் ஒரு லைவ் கேமராவைப் பத்தினது. கிரிக்கெட் இல்ல, கேமிங் ஸ்ட்ரீமும் இல்ல. ஒரு கட்டிடத்தோட விளிம்பு, அதுல கொஞ்சம் சரளைக்கல், கல்லு மேல ஒரு பறவை. மணிக்கணக்கா அது அசையாம உட்கார்ந்திருக்கும். இதை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்க்கிறாங்க. நானும் அதுல ஒருத்தன்.

இடம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம், 367 காலின்ஸ் தெரு. சுத்தி வங்கிகள், ஆபீஸ்கள், கீழே டிராம் ஓடுது. அந்தக் கட்டிடத்தில் முப்பது மாடிக்கு மேல ஒரு ஜோடி பொரி வல்லூறு வருஷா வருஷம் முட்டையிடுது. பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும்னு ஸ்கூல் புத்தகத்தில் படிச்சோமே, அதே பறவைதான்.

அங்க முதன்முதலா இந்தப் பறவைகளைக் கவனிச்சது 1991-ல். அப்போ முட்டைகள் கிடந்தது ஒரு உலோக மழைநீர்க் கால்வாயில். தேறல. விக்டர் ஹர்லின்னு ஒரு வல்லூறு ஆய்வாளர் முயற்சி எடுத்து, சரளைக்கல் போட்ட ஒரு தட்டை அங்க வைக்க ஏற்பாடு செஞ்சார். மனுஷன் செய்த உதவின்னா முக்கியமா அந்தத் தட்டுதான். கேமராவெல்லாம் பிறகு வந்தது.

ஏன் சரளைக்கல்? வல்லூறு கூடு கட்டாது. காக்கா மாதிரி சுள்ளி பொறுக்காது, தூக்கணாங்குருவி மாதிரி பின்னாது. மலைப்பாறை இடுக்கில் மண்ணோ பொடிக்கல்லோ இருந்தா, நெஞ்சை அழுத்தி, காலால் பின்னாடி தள்ளி ஒரு குழி பறிக்கும். அவ்வளவுதான் வீடு. கான்கிரீட்லயும் தகரத்துலயும் குழி பறிக்க முடியாது. முட்டை உருளும், தண்ணி தேங்கும், குளிர் ஏறும். மத்தபடி உயரமான கட்டிடம் அதுக்கு மலைப்பாறைதான். கீழிருந்து எதிரி ஏறி வர முடியாது. சுவரில் மோதி மேலே எழும்புற காற்று பறக்கறதுக்கு உதவும். சாப்பாட்டுக்குப் புறாக்களை நாமளே தீனி போட்டு வளர்த்து வெச்சிருக்கோம். இடமும் சாப்பாடும் ரெடியா இருக்கிற ஊரை அது ஏன் விடப்போகுது?

இப்போ முட்டைக்கு வருவோம். மெல்போர்ன்ல ஆகஸ்ட் கடைசியில் இடும். வழக்கமா மூணு இல்ல நாலு, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ரெண்டு நாள் இடைவெளி. இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. முதல் முட்டை போட்டதுமே தாய் முழுசா அடைகாக்க ஆரம்பிக்காது. பாதுகாப்பா நிக்கும், அப்பப்போ மூடும், ஆனா சூடு ஏத்தாது. கடைசிக்கு முந்தின முட்டை வந்த பிறகுதான் முழு நேர அடை. சூடு இல்லாம கரு வளராது. அதனால முதல்ல வந்த முட்டையும் பாஸ் பட்டன் அழுத்தின மாதிரி காத்திருக்கும், பிறகு எல்லாம் ஏறக்குறைய ஒண்ணா வளரும். சுமார் 33 நாள் கழிச்சு, ஒண்ணு ரெண்டு நாள் வித்தியாசத்தில் எல்லாக் குஞ்சும் வெளியே வரும். முதல் முட்டையிலிருந்தே அடைகாத்தா மூத்தது ஒரு வாரம் பெருசா இருக்கும், கடைக்குட்டிக்குத் தட்டில் இடமே கிடைக்காது.

ஆண் சின்னது. பெண்ணை விட ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு குறைவு. அதுவும் அடைகாக்கும். ஆனா நாலு முட்டையையும் அது மூட முயற்சி பண்றதைப் பார்க்கணும். நாலு பேர் படுத்திருக்கிற பாயில சின்னப் போர்வை விரிச்ச கதைதான், ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் வெளியே தெரியும். அதோட முக்கியமான டியூட்டி வேட்டை. புறாவோ மைனாவோ கிளியோ பிடிச்சு, இறகு பிய்ச்சு, கொண்டு வந்து பெண்ணிடம் கொடுக்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு டைமிங் டிப். மெல்போர்ன் நம்மை விட நாலரை மணி நேரம் முன்னாடி. அக்டோபர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அப்புறம் அஞ்சரை மணி. கனகசெட்டிக்குளத்தில் காலை 7:30-க்கு நான் காபியோட உட்காரும்போது அங்க மதிய சாப்பாடு. நம்ம மதியம் ரெண்டு மணி தாண்டினா அக்டோபர் நடுவுல அங்க இருட்டிடும்.

குஞ்சு பொரிச்ச பிறகு கேமராவில் ரொம்ப நேரம் ஓடுறது ஊட்டல்தான். பொரிக்கும்போது சுமார் 40 கிராம், வெள்ளைப் பஞ்சு உருண்டை, தலை நிக்காது. முதல் பத்து நாள் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் தாய் மேல உட்காரணும், இல்ல சிறகை விரிச்சு நிழல் போடணும். அந்தக் கூர்மையான அலகால், அரிசி அளவு துணுக்கு கிழிச்சு, தலையைச் சாய்ச்சு மெதுவா நீட்டும்.

யாருக்கு முதல்ல? எது முன்னாடி வந்து கத்துதோ அதுக்கு. அநியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனா குஞ்சோட கழுத்துக்குக் கீழே ஒரு தீனிப்பை இருக்கு. அது நிறைஞ்சதும் குஞ்சு தூங்கி விழும், அடுத்தது முன்னாடி வரும். சாப்பாடு போதுமான நாளில் எல்லாருக்கும் போய்ச் சேரும், தாய் கணக்கெல்லாம் வெச்சுக்க வேண்டாம். பிரச்சினை மழை நாள்ல. ஒரே ஒரு சின்னப் பறவைதான் வந்துதுன்னா, பெருசு சாப்பிட்டு முடிக்கிறப்போ தட்டு காலி.

அப்படி ஒரு காலை என் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துட்டு கேட்டா: "அண்ணா, அவ்வளவு பேர் பார்க்கிறீங்களே, யாராவது மேல போய் அந்தக் கடைசிக் குஞ்சுக்கு ஒரு துண்டு கறி வெக்கக் கூடாதா?" இந்த மாதிரி கேமரா வெச்ச எல்லா ஊரிலும் வர்ற கேள்வி இது. நடைமுறைக் காரணம் ஒண்ணு இருக்கு. வளர்ந்த குஞ்சுகள் இருக்கும்போது ஆள் அருகில் போனா, பயந்து நேரத்துக்கு முன்னாடியே குதிச்சிடும். அதுக்கு அப்பால, "தலையிடாதே"ன்னு சுத்தமா ஒரு கோடு போட முடியும்னு எனக்குத் தோணல. அந்தச் சரளைத் தட்டே தலையீடுதானே? பல நகரங்களில் முதல் பறத்தல்ல தடுமாறி ரோட்டில் இறங்கின குஞ்சைத் தன்னார்வலர்கள் எடுத்துத் திரும்ப உயரத்தில் விடுறாங்க. என் கணக்கு இது: பஸ்ஸும் கண்ணாடிச் சுவரும் நாம வெச்சது, அதுலேருந்து காப்பாத்துறது நம்ம கடன். பசியும் மழையும் அதுங்களோடது. தங்கச்சி இதை ஒத்துக்கல. "புறாவும் நீங்க வளர்த்ததுதானே, அப்ப சாப்பாடும் உங்க கணக்குதான்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

புறான்னதும் சிபிச் சக்கரவர்த்தி ஞாபகம் வரும். அந்தக் கதை கேட்டு வளர்ந்த நாம எப்பவும் புறா கட்சி. துரத்தி வந்த பறவைக்கும் வீட்டில் குஞ்சு இருக்குமேன்னு யாரும் கேட்டதில்ல.

இந்தப் பறவை கிட்டத்தட்ட இல்லாமப் போயிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வயலெங்கும் தெளிச்சாங்க. பூச்சியில் கொஞ்சம், அதைத் தின்ற குருவியில் அதிகம், குருவியைத் தின்ற வல்லூறில் இன்னும் அதிகம்னு விஷம் சேர்ந்துக்கிட்டே போச்சு. அது முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேர்றதைக் கெடுத்தது. ஓடு மெலிஞ்சது. அடைகாக்க உட்கார்ந்த தாயே தன் எடையால முட்டையை உடைச்சது. பிரிட்டனில் டெரிக் ராட்கிளிஃப் இதை 1967-ல் காட்டினார். எப்படின்னா, பொழுதுபோக்குக்காக முட்டை திருடிச் சேர்த்து வெச்சிருந்தவங்களோட பெட்டிகள் இருந்தன. பழைய முட்டை, புது முட்டை எல்லாத்தையும் எடை போட்டு, அளந்து பார்த்தார். 1940-களின் பின்பாதியில் ஓடு திடீர்னு மெலிஞ்சிருந்தது. பழைய லாக் ஃபைலைத் தோண்டி பக் எந்தத் தேதியில் உள்ளே வந்ததுன்னு பிடிக்கிற வேலை, வேற என்ன? அமெரிக்கா 1972-ல் டிடிடியைத் தடை செஞ்சது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டிலும் நகரத்திலும் விட்டாங்க. 1999-ல் அங்க அழியும் நிலைப் பட்டியலிலிருந்து இந்தப் பறவையின் பேரை எடுத்தாங்க. நம்ம நாட்டில் விவசாயத்துக்கு டிடிடி நின்னது 1989-ல். கொசு ஒழிப்புக்கு அதுக்குப் பிறகும் தொடர்ந்தது.

சரி, நம்ம ஊர்ல இருக்கா? இருக்கு, ஆனா குடும்பம் நடத்த இல்ல. குளிர்காலத்தில் வடக்கே துந்திராவிலிருந்து ஒரு வகை பொரி வல்லூறு இந்தியக் கடற்கரைக்கு வருது. அக்டோபர் வாக்கில் வந்து, மார்ச் ஏப்ரல்ல திரும்பிடும். அதனால பாண்டிச்சேரி மாடியில் சரளைத் தட்டு வெச்சுக் காத்திருக்காதீங்க. இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிறது இன்னொரு வகை. அடர் நிறம், செம்பு வயிறு, ஷாஹீன்னு பேர். பொதுவா ராஜாளின்னு சொல்ற கூட்டத்தில் இதுவும் சேரும். அது பாறைமுகம் தேடும். நீலகிரியில் இருக்கு, இலங்கையில் சிகிரியாவில் இருக்கு. 1837-ல் சுண்டேவால்னு ஒரு சுவீடன் அறிஞர் அதுக்கு அறிவியல் பேர் வெச்சார். அவர் விவரிச்ச பறவை பாறையில் கிடைச்சதே இல்ல, இலங்கைக்குக் கிழக்கே நடுக்கடலில் ஒரு கப்பலில் பிடிபட்டது!

குளிர்கால விருந்தாளியைப் பார்க்கணும்னா, ஈசிஆர்ல வடக்கே மரக்காணம் பக்கம் போற வழியில் செல்போன் டவர் உச்சியைப் பாருங்க. கழுவெளி ஏரி பக்கமும் போகலாம், 2021-ல் பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம். கூரான சிறகு, கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி கறுப்புப் பட்டை, தலையில் ஹெல்மெட் போட்ட மாதிரி கருமை. பைனாகுலர் இல்லாட்டியும் பரவாயில்ல. தண்ணி ஓரம் மேயுற உள்ளான் கூட்டம் காரணமே இல்லாம ஒரே நேரத்தில் மேல எழும்பிச்சுன்னா, கூட்டத்தைப் பார்க்காதீங்க. அதுக்கு மேல வானத்தைப் பாருங்க.