பாறைக்கும் ஓர் எடைக்கல்

தலத்தெருக் கடை ஒன்றில் ஒரு கிலோ பருப்பு வாங்குகிறீர்கள். தராசு காட்டும் எடையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். நீங்கள் நம்புவது தராசை மட்டுமன்று. அதைச் சரிபார்த்த முத்திரையிட்ட எடைக்கல்லையும்தான். எடைக்கல் பிழையானால் எவ்வளவு நல்ல தராசும் பிழையே சொல்லும். அன்றாடம் கடைத்தெருவில் காணும் இவ்வுண்மை, பூமிக்கடியில் பாறைகளை ஆராய்வதிலும் முதன்மையானதாக விளங்குகிறது.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது 1964ஆம் ஆண்டில். இன்று எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பிரிவு காரைக்காலை அடுத்த நிரவியிலிருந்து இயங்குகிறது. இப்படுகையின் பாறை அடுக்குகளுள் ஒன்றுக்குக் 'காரைக்கால்' என்றும் மற்றொன்றுக்கு 'நிரவி' என்றும் நிலவியலார் பெயரிட்டுள்ளனர். ஆனால் பெயர் வைத்தால் போதுமா? ஆழத்தில் உள்ளது மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா, களிப்பாறையா என்று அறிவது எப்படி? கிணறு முழுவதும் கல்லை வெட்டி மேலே கொண்டுவருவது பெருஞ்செலவு. எனவே கம்பிவடத்தில் ஒரு கருவியைக் கட்டி உள்ளே இறக்குகிறார்கள்.

கருவியின் அடிப்பகுதியில் அமெரிசியமும் பெரிலியமும் கலந்த கதிரியக்க மூலம் ஒன்று இருக்கும். அதிலிருந்து வேகமிக்க நியூட்ரான்கள் பாறைக்குள் பாய்கின்றன. கோலிக்குண்டு சுவரில் மோதினால் ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்புகிறது. மற்றொரு கோலியில் நேராக மோதினாலோ நின்றுவிடுகிறது. நியூட்ரானின் நிறையும் ஹைட்ரஜன் அணுக்கருவின் நிறையும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஹைட்ரஜனோடு ஏறத்தாழ 18 மோதல்களில் நியூட்ரான் தன் வேகத்தை இழந்துவிடும். கார்பன், ஆக்சிஜன் போன்ற கனத்த அணுக்கருக்களோடு மோதினால் நூறு மோதல்களுக்கு மேல் வேண்டும்.

பாறையின் நுண்துளைகளில் நீரோ எண்ணெயோ நிறைந்திருந்தால் அங்கே ஹைட்ரஜன் மிகுதி. நியூட்ரான்கள் சிறு தொலைவிலேயே தளர்ந்துவிடும். மூலத்துக்கு அருகில் ஒன்றும் சற்றுத் தொலைவில் ஒன்றுமாக இரண்டு எண்ணிகள் கருவியில் உள்ளன. இரண்டும் பதிவு செய்யும் எண்ணிக்கைகளின் விகிதத்திலிருந்து துளைகளின் பங்கைக் கணிக்கிறார்கள். நீரும் மெழுகும் நியூட்ரான்களைத் தளர்த்துவதை 1934இல் ரோம் நகரில் ஃபெர்மி குழுவினர் கண்டனர். அக்குழுவில் இருந்த புரூனோ பொண்டகோர்வோவே 1941இல் அமெரிக்காவில் இம்முறையை எண்ணெய்க் கிணறுகளுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் கருவி தருவது வெறும் எண்ணிக்கை. அதைத் துளை அளவாக மாற்ற, துளை அளவு தெரிந்த கல் ஒன்று வேண்டும். இதற்கென அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1959இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழி அமைத்தது. அதில் ஏறக்குறைய 2, 19, 26 விழுக்காடு துளைகள் கொண்ட மூன்று வகைச் சுண்ணாம்புக்கற்கள் அடுக்கப்பட்டன. 19 விழுக்காட்டுக் கல்லில் கருவி காட்டும் அளவு 1000 அலகு என வகுக்கப்பட்டது. இதுவே தலைமை எடைக்கல். ஒவ்வொரு கருவியையும் அங்கே எடுத்துச் செல்ல முடியாதாகையால், பணிமனைகளில் நீர்த்தொட்டி ஒன்றில் வைத்து ஒப்பிடுகிறார்கள். கிணற்றடியில், இறக்குமுன் ஒருமுறையும் ஏற்றியபின் ஒருமுறையும் சரிபார்க்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எடைக்கல் சுண்ணாம்புக்கல், கிணற்றில் இருப்பதோ மணற்கல்லாக இருக்கலாம். நீர் நிறைந்த 20 விழுக்காட்டுத் துளையுள்ள மணற்கல்லில், சுண்ணாம்புக்கல்லால் அளவுதிருத்தம் செய்த கருவி சுமார் 16 என்றே காட்டும். அதே பாறையில் அடர்த்திக் கருவியை இறக்கினால் என்ன ஆகும்? மணற்கல்லின் குவார்ட்ஸ் அடர்த்தி 2.65; நீரின் அடர்த்தி 1. ஆகவே பாறையின் அடர்த்தி 2.32. இதைச் சுண்ணாம்புக்கல்லின் 2.71 என்னும் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் துளை அளவு சுமார் 23 என்று வரும்.

ஒன்று 16, மற்றொன்று 23. இரண்டுமே தவறா? இல்லை. இந்த 7 அலகு இடைவெளிதான் மணற்கல்லின் அடையாளம். சுண்ணாம்புக்கல்லில் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஓடும். களிப்பாறையில் களிமண்ணோடு பிணைந்த நீரால் நியூட்ரான் கோடு அடர்த்திக் கோட்டை விஞ்சிவிடும். எரிவாயுவில் ஹைட்ரஜன் அடர்வு குறைவாதலால், வாயு நிறைந்த மணற்கல்லில் இடைவெளி இன்னும் அகலும்.

இப்போது நியூட்ரான் கருவியின் அளவுதிருத்தம் 7 அலகு பிசகியது என்று கொள்வோம். மேல்நோக்கிப் பிசகினால் மணற்கல் சுண்ணாம்புக்கல்லாகத் தோன்றும். கீழ்நோக்கிப் பிசகினால் வெறும் நீர் நிறைந்த மணல் எரிவாயு உள்ளதுபோல் மயக்கும். பெரும் பொருட்செலவில் அந்த ஆழத்தைத் துளைத்துத் திறந்தால் உப்பு நீரே வரும்! இதனால்தான் வேறு அளவீடுகளோடும் ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள். கிணற்றின் விட்டம், சேற்று நீரின் உப்பு, வெப்பநிலை ஆகியவற்றுக்கும் தனித்தனியே திருத்தம் செய்கிறார்கள்.

மின்னழுத்தமானியைக் கொண்டு அம்மீட்டரை அளவுதிருத்தம் செய்யும் சோதனையை மாணவர் பலர் சலிப்போடு செய்வதை ஆய்வகத்தில் காண்கிறேன். முள் ஏற்கெனவே ஓர் எண்ணைக் காட்டும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அடுத்த முறை அச்சோதனையைச் செய்யும்போது, நம் காலுக்குக் கீழே கண்காணாத ஆழத்தில், ஒரு கருவி காட்டும் எண்ணை மட்டுமே நம்பிப் பாறைக்குப் பெயர் சூட்டுபவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.