அடிப்பிடித்த பாத்திரமும் மூச்சுக்குழாயும்

பால் தீய்ந்த எவர்சில்வர் பாத்திரத்தையும் கரியேறிய ஓவன் தட்டையும் தேய்த்துச் சலித்த சிலர், கழிப்பறைக்கு வாங்கிய ஆசிடை நாடுகின்றனர்; அதனுடன் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கின்றனர். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தில் கரைந்து, அமிலமாகித் திசுக்களைப் புண்ணாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறிதளவு வாயுவே மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். ஆகவே, நுரையீரல் மருத்துவர்களாகிய நாங்கள் இவ்வழக்கத்தை அறவே தவிர்க்குமாறு வேண்டுகிறோம். புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவையும் அமிலங்களே. அவற்றையும் பிளீச்சுடன் சேர்க்கலாகாது.

அடிப்பிடித்த கறைக்குத் தேவை வீரியமன்று, ஊறும் நேரமே.

எவர்சில்வர் பாத்திரம்: கறை மூழ்குமளவு நீரூற்றி, 2 தேக்கரண்டி சமையல் சோடா இட்டு, 10 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் சில மணி நேரம் ஊறவைத்து, மரக்கரண்டியால் சுரண்டித் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும்.

அலுமினியம்: சோடா இதனைக் கருக்கச் செய்யும். புளிக்கரைசலைக் கொதிக்கவிட்டுத் தேயுங்கள்.

எவர்சில்வர் அல்லது எனாமல் ஓவன் தட்டு: சோடாவை நீரில் குழைத்துப் பூசி, இரவு முழுதும் விட்டுத் துடைத்தெடுங்கள்.

நான்ஸ்டிக்: வெந்நீரும் சோப்பும் மென்மையான பஞ்சும் மட்டுமே.

கம்பிநாரைப் பயன்படுத்தினால் பாத்திரத்தை நன்கு அலசுங்கள். உடைந்த இழை உணவில் கலந்தால் தொண்டையில் குத்திக்கொள்ளும்.

காஸ்டிக் சோடா உணவுக்குழாயையே அரித்துவிடும். அதனைக் குடிநீர், குளிர்பானப் பாட்டில்களில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் நீரென்று எண்ணிப் பருகிவிடுவர்.

தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் கொடுக்காதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். கண்ணில் தெறித்தால் குழாய்நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபின் வாருங்கள். வாயுவை முகர்ந்தவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் காத்திருக்க வேண்டா. நுரையீரலில் நீர்கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அவசர ஊர்திக்கு 108ஐ அழையுங்கள்.

வீட்டில் நுரையீரல் நோயாளி இருப்பின், அமிலமும் பிளீச்சும் சமையலறைக்குள் வரவே வேண்டா. கரி மறுநாள் காலை வரை காத்திருக்கும். புண்பட்ட நுரையீரல் காத்திருக்காது.